பாட்டு இழுபடும் இடம்

1

இந்தக் கதை ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, என்மேல் ஏவிவிடப்பட்டது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிற இடம். கடைவாய்ப் பல்லைப் பறிகொடுப்பதற்காக உட்கார்ந்திருந்தேன். கூரையோரம் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து ஒரு இசை வந்துகொண்டிருந்தது. சொல் இல்லை, தாளம் இல்லை. மின்கருவியில் வாசித்த மெதுவான மெட்டு ஒன்று, பழைய கசெட்டில் கேட்பதுபோல இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. நடுநடுவே சுருதி சற்றே சரிந்து, பிறகு சமாளித்து நிமிர்ந்தது. சிறிது நேரத்தில் என் கண் கலங்கிவிட்டது.

பல்வலி என்று சொல்லித் தப்பலாம். ஆனால் வலி வேறு, இது வேறு. எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது. நான் வாழ்க்கையில் தொலைத்தவை எவையெவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை.

காரணம் சொல்லாமல் என்னை அழவைப்பவர்களை நான் நம்புவதில்லை. சட்டைப்பைக்குள் கைவிட்டவனைப் பார்ப்பதுபோல அந்த ஒலிபெருக்கியை முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது வரவேற்பு மேசையிலிருந்த பெண் எழுந்தார். நாற்பதுகளின் நடுவில் இருப்பார், நம்மவர், தாலிக்கொடி சட்டைக் கழுத்துக்குள் பாதி மறைந்திருந்தது. நேரே போய்ச் சத்தத்தைக் குறைத்தார். அதற்கு முன்னால் ஓடியதையும் தொடவில்லை, பின்னால் ஓடியதையும் தொடவில்லை. அந்த ஒன்றை மட்டும் குறைத்தார்.

அவருக்கு அந்த இசையோடு என்ன பகை? நான் கேட்கவில்லை. வாயில் பஞ்சு வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பதிலை நானே எழுத உட்கார்ந்தேன்.

[இங்கேயே ஒரு உறுதிமொழி: இந்தக் கதையில் கிணறு வராது. பனைமரமும் வராது. ஏக்கத்தை விற்கும் ஒரு இசையைச் சந்தேகிக்கப் புறப்பட்டவன், அதே சரக்கை வேறு கடையில் வாங்கக்கூடாது.]

2

முதல் தொடக்கம்: "மிருணாளினி குசினி ஜன்னலால் பார்த்தபோது வெளியே மழை

மழை வேண்டாம். மழையோடு தொடங்கும் கதையை நானே பாதியில் மூடிவைத்துவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: "கணவன் தன்னை ஏமாற்றுகிறான் என்பது மிருணாளினிக்குத் தெரிந்துபோன அந்த

இதுவும் பொய். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சந்தேகம் மட்டும்தான் இருந்தது. தெரிவதற்கும் சந்தேகப்படுவதற்கும் இடையில்தான் கதைக்கு இடம் இருக்கிறது.

[பெயர் வைத்த உடனே 'அவர்' 'அவள்' ஆகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். எழுதுகிறவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் சலுகைகளில் இது ஒன்று.]

மூன்றாம் தொடக்கம் நின்றது:

சஞ்சீவ் வேலை முடிந்து வந்து, காரை வாசலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, இறங்காமல் இருந்தான்.

3

கிரவீன் புறநகரில் அவர்கள் வீட்டுக் குசினி ஜன்னல் வாசலைப் பார்த்திருக்கிறது. கீரையை அடுப்பில் வைத்துவிட்டு மிருணாளினி பார்ப்பாள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, ஸ்டியரிங்கில் கைவைத்தபடி அவன் இருப்பான். கறி கொதித்து, இறக்கி, தாளித்துக் கொட்டிய பிறகும் இருப்பான். பிறகு உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, "என்ன கறி?" என்று கேட்பான். அந்த நேரத்தில் அவன் முகம் இளகியிருக்கும். அந்த முகத்தைத் தங்கள் கல்யாண வீடியோவில்கூட அவள் கண்டதில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

முதலில் யாரோடோ கதைக்கிறான் என்று நினைத்தாள். உதடு அசையவில்லை. ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரம் செல்பேசியை எடுத்துப் பார்த்தாள். அதில் பூட்டே போட்டிருக்கவில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாத மனிதனின் செல்பேசியா, ஒளிப்பதில் கைதேர்ந்தவனின் செல்பேசியா என்று அவளுக்கு முடிவுகட்ட முடியவில்லை. உள்ளே ஒரு பெண்ணும் இல்லை. பெயர் போடாத ஒரு இசை இருந்தது. அதையே அவன் திரும்பத் திரும்பப் போட்டிருந்தான்.

இது அவளைப் பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்ததைவிட அதிகமாகக் குழப்பியது. ஏனென்றால் சஞ்சீவ் பாட்டுக் கேட்காத மனிதன். கொண்டாட்ட வீடுகளில் யாராவது மைக்கைக் கையில் எடுத்தால் உடனே பின்வளவுக்குப் போய் பார்பிகியூ அடுப்பைப் பொறுப்பேற்றுக்கொள்வான். "உங்கட மனிசன் நல்ல உதவி" என்று பெண்கள் அவளிடம் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் இப்போது ஒரே பாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காருக்குள் இருக்கிறான். பாட்டில் சொல்லாவது இருந்தால் அது யாருக்கென்று பிடித்துவிடலாம். கண்ணே என்றால் ஒருத்தி, தாயே என்றால் சாமி. இதில் ஒன்றுமே இல்லை. வாய் திறக்காத சாட்சியை எப்படி விசாரிப்பது?

4

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மெட்டைக் கேட்டாலும் முதல் கேள்வி "இது எந்தப் படம்?" என்பதுதான். படத்தில் வராத பாட்டு, அப்பன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி. மிருணாளினியும் அப்படியே விசாரணையைத் தொடங்கினாள். மெட்டைப் பாடமாக்கிக்கொண்டு, பெண்டில்ஹில் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ரஞ்சினி அன்ரியிடம் மெல்ல முணுமுணுத்துக் காட்டினாள்.

"அட, இது தெரியும் பிள்ளை!" ரஞ்சினி அன்ரி முருங்கைக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "அவள் வள்ளத்திலை தனிய வருவாளெல்லோ, அந்த நேரம் பின்னாலை போகும். நானும் சின்னக்காவும் தியேட்டரிலை கடைசி வரிசையிலை இருந்து அழுதனாங்கள். எனக்கு அண்டைக்குக் காய்ச்சல் வேறை."

"படத்தின்ர பேர் என்ன அன்ரி?"

"பேர்... நாக்கிலை நிக்குது. வராதாம்."

மிருணாளினி வரவேற்பு மேசையில் இருக்கும் அதே பல் வைத்தியரிடம் தாதியாக வேலைசெய்யும் மார்கரெட், கிள்ளானிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவரும் சட்டென்று தலையாட்டினார். "தெரியுமே! ஹீரோ ரயில்ல போவாரு, அவங்க பிளாட்ஃபார்ம்ல நிப்பாங்க. எங்க அப்பா காடியில இந்தப் பாட்டு ஓடும். கார் சீட்டு சூடா இருக்கும், காலு ஒட்டிக்கும். நல்லா ஞாபகம் இருக்கு."

ஒருவருக்கு வள்ளம், மற்றவருக்கு ரயில். படத்தின் பெயர் இருவருக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்டபோது தாங்கள் எங்கே இருந்தோம் என்பது இருவருக்கும் சத்தியமாகத் தெரிந்தது.

[நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். இந்த வகை இசைக்குக் கீழே உலகமெல்லாம் இருந்து ஆட்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்: என் சிறுவயது மாதிரி இருக்கிறது, என் பள்ளிக்கூட விடுமுறை மாதிரி இருக்கிறது. பனி பெய்யும் ஊர்க்காரரும் அதையே சொல்கிறார், பாலைவனத்து ஆளும் அதையே சொல்கிறார். இத்தனை பேருக்கும் ஒரே சிறுவயது எப்படி வாய்த்தது? யாரோ அளவு எடுக்காமல் சட்டை தைத்து எல்லோருக்கும் போட்டுவிடுகிறார்கள். அது எல்லோருக்கும் பொருந்துகிறது. எனக்கும் பொருந்தியது. அதனால்தான் எனக்கு எரிச்சல்.]

வழக்கை முடித்துவைத்தவள் மகள் தர்ஷனா. பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு படிக்கிறாள். தாய் முணுமுணுத்ததைக் கேட்டு, செல்பேசியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அம்மா, இட்ஸ் நொட் ஃப்ரம் எனி மூவி. திஸ் கேம் அவுட் லாஸ்ட் இயர்."

"போன வருஷமோ? எவ்வளவு பழசாக் கேக்குது. கசெட் இழுபடுறது கேக்குதே!"

"தட்ஸ் ஃபேக். கம்ப்யூட்டர்ல ஒரு நொப் இருக்கு. ஹியர், ஐ'ல் ஷோ யூ."

மிருணாளினி எப்போதோ அனுப்பியிருந்த குரல்செய்தி ஒன்றைத் தர்ஷனா மடிக்கணினியில் ஏற்றினாள். "வரேக்கை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ பிள்ளை" என்பதுதான் செய்தி. திரையிலிருந்த திருகைக் கொஞ்சம் நகர்த்தினாள். இரைச்சல் வந்தது. குரல் தூரம் போனது. 'பால்' என்ற இடத்தில் சுருதி தளர்ந்து சரிந்து, 'பிள்ளை' என்ற இடத்தில் எழும்பியது. செத்துப்போன ஒருத்தி பேசுகிற மாதிரி இருந்தது. பாலுக்காகத் தான் சொன்ன சொல்லே தன்னை அழவைக்கப் பார்த்ததை மிருணாளினி மகளிடம் காட்டிக்கொள்ளவில்லை. "நிப்பாட்டு" என்று மட்டும் சொன்னாள்.

"யார் இதைச் செய்தது எண்டு பார்."

இரண்டு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். படத்துக்குப் பதிலாக மங்கலான நீலம். இடம்: டார்னெய்ட், மெல்பேர்ண்.

அந்தக் கிழமை சஞ்சீவ் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "சனிக்கிழமை மெல்பேர்ண் போட்டு வாறன். வேலை விஷயம். ஒரு ட்ரெயினிங்."

"ஆர் ஆர் போறியள்?"

"நானும் சுஜீதனும்."

சஞ்சீவ் ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் எலெக்ட்ரீஷியன். சுஜீதன் அவனுடைய பக்கத்து மேசை. வியாழக்கிழமை மாலை கோயிலில் மிருணாளினி சுஜீதனைக் கண்டாள். சனிக்கிழமை என்ன செய்கிறான் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"புல்லு வெட்ட வேணும் அக்கா" என்றான் அவன்.

5

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டேன். உண்மையில் மடிக்கணினியை மூடினேன். பேனா என்று எழுதினால் நன்றாக இருக்கிறது.

எனக்கும் சஞ்சீவ்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் உண்டாக்கிய ஆள்தான், இருந்தாலும் காருக்குள் என்ன செய்கிறான் என்று என்னிடமும் சொல்ல மறுக்கிறான். ஆகவே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் டார்னெய்டில் ஒரு பெண் இருந்தாள். சஞ்சீவோடு ஒரே அகதி முகாமில் இருந்தவள். இப்போது மின்னிசை செய்கிறாள். மிருணாளினி ரகசியமாகப் பின்னாலேயே விமானத்தில் போய், அந்த வீட்டு வாசலில் நின்று, கதவு திறந்தபோது

வெட்டிவிட்டேன். இப்படி நிறையப் படம் பார்த்தாயிற்று.

இரண்டாம் முடிவை நண்பர் இளங்கீரன் தொலைபேசியில் உற்சாகமாகச் சொன்னார். "அந்த இசையைச் செய்யுறதே சஞ்சீவ்தான் எண்டு வையும்! ஆர்ப்பாட்டமா முடியும்." அந்த ஆர்ப்பாட்டம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, எலெக்ட்ரீஷியன் என்றாலும் சஞ்சீவுக்கு வீட்டு மைக்ரோவேவில் நேரத்தைச் சரிசெய்யக்கூடத் தெரியாது.

மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. வேலை அலுப்பில் காருக்குள் கொஞ்சம் கண்ணை மூடுகிறான், அவ்வளவுதான். இதை உண்மை என்று நம்பலாம். ஆனால் ஒன்றுமில்லாததற்கு ஒருவன் டார்னெய்டுக்கு டிக்கெட் போடமாட்டான்.

சரி, நான் விலகிக்கொள்கிறேன். அவளே போய்க் கேட்கட்டும்.

6

வெள்ளி பின்னேரம் சஞ்சீவ் வழக்கம்போல வாசலில் காரை நிறுத்தினான். மிருணாளினி அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். உள்ளே அந்த இசை போய்க்கொண்டிருந்தது. அவன் அணைக்கக் கைநீட்டினான்.

"இருக்கட்டும்" என்றாள். "ஆர் அவ?"

"எவ?"

"மெல்பேர்ணிலை இருக்கிறவ. சுஜீதன் நாளைக்குப் புல்லு வெட்டப் போறாராம்."

சஞ்சீவ் மாட்டிக்கொண்டவனாகத்தான் விழித்தான். ஆனால் அவள் எதிர்பார்த்த மாட்டிக்கொள்ளல் அல்ல. "அது பொம்பிளையோ ஆம்பிளையோ எண்டு எனக்கே தெரியாது மிருணா. இந்தச் சத்தம் எப்பிடி வந்தது எண்டு எழுதிக் கேட்டனான். 'வாங்கோ, காட்டுறன்' எண்டு இங்கிலிஷிலை ரெண்டு வரி வந்தது."

"என்னத்தைக் காட்டுறதாம்? ஒரு பாட்டும் கேக்காத மனிசன் நீங்கள். நீங்கள் இதையே போட்டுப் போட்டு எனக்கு மெட்டே பாடமாப் போச்சு." அவள் முணுமுணுத்தும் காட்டினாள். கோபத்தில் பாடினாலும் சுருதி பிசகவில்லை.

சஞ்சீவ் உண்மையாகவே யோசித்தான். "இது என்ன பாட்டு?"

"இப்ப ஓடுறதுதான்!"

"ஓ. மெட்டை நான் கவனிக்கிறேல்லை."

"பின்னை என்னத்தைக் கேக்கிறீங்கள்?"

"இழுபடுறதை" என்றான். "இந்தா, இப்ப வரும். கேளும்."

மெட்டு ஏறி, தயங்கி, மெல்லச் சரிந்தது.

"அண்ணை களைச்சிட்டார்" என்றான் சஞ்சீவ். சுருதி மறுபடி நிமிர்ந்தது. "ஆ, திரும்ப மிதிக்கிறார்."

அவனுக்கு அருந்தவன் என்று ஒரு தமையன் இருந்தது அவளுக்குத் தெரியும். சாமியறையில் படம் இருக்கிறது. மற்றப் படங்களுக்கெல்லாம் மாலை உண்டு, அதற்கு மட்டும் இல்லை. மாலை போடுவதென்றால் முடிவு தெரிந்திருக்க வேண்டும். அருந்தவன் காணாமல் போனவன். அதற்கு மேல் சஞ்சீவ் ஒருநாளும் பேசியதில்லை, அவளும் கிளறியதில்லை.

இப்போது அவன் பேசினான், கண்ணாடிக்கு வெளியே குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணை யாழ்ப்பாணத்திலை பாட்டுப் பதிஞ்சு குடுக்கிற கடை வச்சிருந்தவர். கரண்ட் இல்லாத காலம். சைக்கிளை ஸ்டாண்டிலை ஏத்தி, டைனமோவிலை வயர் குடுத்து, ஒராள் மிதிச்சாத்தான் கசெட் ஓடும். ஒரே வேகத்திலை மிதிக்க வேணும். கால் களைச்சா பாட்டு இழுபடும். நாங்கள் சுத்தி இருந்து 'மிதி அண்ணை, மிதி' எண்டு கத்துவம். சில பாட்டுகளை அப்பிடியே பதிஞ்சும் இருக்கிறம், இழுபட்டது இழுபட்டபடி. சனம் அதையும் வாங்கினது."

"பிறகு?"

"சண்டை கிட்ட வர, ஊரோடை வெளிக்கிட்டம். பாதி வழியிலை அண்ணை, 'நீங்கள் நடவுங்கோ, நான் கசெட்டுகளை எடுத்துக்கொண்டு வாறன்' எண்டிட்டுத் திரும்பிப் போனவர்."

இசை முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"இது டைனமோவிலை ஓடின கசெட்" என்றான் சஞ்சீவ். "நான் எலெக்ட்ரீஷியன், மிருணா. வோல்டேஜ் விழுந்தா மோட்டர் எப்பிடித் தளரும் எண்டு எனக்குத் தெரியும். பின்னாலை சின்னதா ஒரு கடகடப்பு இருக்கு, அது சங்கிலி. ஆரோ அங்கையிருந்து ஒரு கசெட்டைக் கொண்டுவந்து, அதுக்கு மேலை இந்த மியூசிக்கை வாசிச்சிருக்கினம். அது அண்ணைதான் எண்டு நான் சொல்லேல்லை. மிதிச்சது ஆரெண்டு ஒருக்காக் கேக்கப் போறன். அவ்வளவுதான். உமக்குச் சொன்னா விசர் எண்டு நினைப்பீர் எண்டுதான் சொல்லேல்லை."

மிருணாளினி வாயைத் திறந்தாள். மகளின் மடிக்கணினியில் கண்ட அந்தத் திருகு, அந்தப் பால் செய்தி, போன வருஷம் என்ற சொல், எல்லாம் நுனிநாக்கில் நின்றன. இத்தனை நாளும் அவன் ஒளித்துவைத்திருப்பதைப் பிடிக்க அலைந்தவள் அவள். இப்போது ஒளிக்க வேண்டியது அவள் கைக்கு வந்துவிட்டது.

"சோறு ஆறுது" என்றாள். "வாங்கோ."

7

நன்றாக வந்திருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. 'மிதி அண்ணை, மிதி' என்று எழுதியபோது பல் வைத்தியரிடம் கலங்கிய அதே கண் மறுபடியும் கலங்கியது. அந்தக் கணத்தில் என்னை நானே பிடித்துக்கொண்டேன்.

டார்னெய்ட் ஆள் என்ன செய்தார்? புதிய மெட்டு ஒன்றை எடுத்து, கொஞ்சம் இரைச்சல் சேர்த்து, கொஞ்சம் தளர்வு சேர்த்து, யாரோ எங்கேயோ காணாமல் போனதுபோலக் கேட்கவைத்தார். நான் என்ன செய்தேன்? கிரவீனில் காருக்குள் இருக்கும் ஒரு மனிதனை எடுத்து, பின்னால் ஒரு தமையனைக் காணாமல் போக்கினேன். எழுதுகிறவர்களிடமும் அந்தத் திருகு இருக்கிறது. எங்கள் திருகில் யுத்தம் என்று எழுதியிருக்கும். வாசகர் அசையாமல் இருக்கிறாரா, கொஞ்சம் திருகு.

[அந்த உறுதிமொழிப்படி கிணறும் பனையும் வரவில்லைதான். டைனமோ வந்துவிட்டது. சட்டப்படி நான் தப்பிவிட்டேன், ஆனால் நீதிபதி நானாக இருப்பதால் அந்தத் தீர்ப்பை நம்பவேண்டாம்.]

அருந்தவனை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். அவனைக் கனடாவுக்கு அனுப்பி, வீடு வாங்கிக்கொடுத்து, ஞாயிறுதோறும் சஞ்சீவுக்குத் தொலைபேசி எடுக்கவைத்தேன். காருக்குள் இருந்த மனிதன் எழுந்து உள்ளே போய்த் தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கிவிட்டான். கதை அதோடு படுத்துவிட்டது. ஆகவே தமையனை மறுபடி காணாமல் போக்கினேன். இதைச் செய்தபோது என் கை நடுங்கவில்லை. அதையும் உங்களிடம் சொல்லிவைக்கிறேன்.

ஒருவேளை, நிஜத்தில் ஏதாவது இருந்தால் என் பாரம் குறையும் என்று நினைத்து, தையல் பிரிக்கப் போன அன்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன்.

"தங்கச்சி, அண்டைக்கு ஒரு மியூசிக் போகேக்கை எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைச்சனீங்கள். அது ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகம் என்பது எப்படி இருக்கும் என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன்.

"பேஷண்டின்ர பேரைக் கூப்பிட்டா அவருக்குக் கேக்காது ஐயா" என்றார். "வேறை ஒண்டும் இல்லை."

பிறகு அவசரமாகத் திரையைப் பார்க்கத் தொடங்கினார். வேறு ஏதாவது உண்டா என்று நான் கேட்கவே இல்லையே, பிறகு ஏன் சொன்னார்? இதோ பாருங்கள், மறுபடியும் தொடங்கிவிட்டேன்.

8

சனி காலை மிருணாளினிதான் அவனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனாள். சஞ்சீவ் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். மடியில் ஒரு பை. அதற்குள் அவள் பொரித்துக் கட்டிக்கொடுத்த பற்றீஸ், முன்பின் தெரியாத வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக. அவன் காரில் எதையும் போடவில்லை. வழியெல்லாம் அவள் ஒரே வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்தாள். 'இஞ்சேருங்கோ, அது கம்ப்யூட்டர் செய்த சத்தம்.' இவ்வளவுதான். கறிக்கு உப்புக் குறைவு என்று சொல்லுகிற அளவு நீளம்.

சொன்னால், தமையனை இரண்டாவது முறை தொலைக்க வைத்தவள் அவளாக இருப்பாள். சொல்லாவிட்டால், அதை யாரோ ஒரு அந்நியர் தன் வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டே செய்வார்.

இறக்கிவிடும் இடத்தில் காரை நிறுத்தினாள்.

"இஞ்சேருங்கோ" என்றாள்.

"என்ன?"

"அந்தச் சத்தம்

பின்னால் நின்ற வாகனம் ஹோர்ன் அடித்தது. [ஹோர்ன் என்னுடைய வேலை. மன்னியுங்கள். அவள் முழுதும் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.] சஞ்சீவ் கதவைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். அந்த இளகிய முகம் இப்போது பட்டப்பகலில், அவளுக்கு நேராக, மிகக் கிட்டத்தில் இருந்தது.

"கவனமாப் போட்டு வாங்கோ" என்றாள்.

"ஓம். வாறன்."

அவன் கண்ணாடிக் கதவுக்குள் போன பிறகு, அவள் காரை ஓரமாக்கி, டார்னெய்ட் ஆளின் பக்கத்தைத் தேடி எடுத்து, தட்டத் தொடங்கினாள். 'என்ரை மனிசன் உங்களிட்டை வாறார். தயவுசெய்து' என்று தட்டினாள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கோவா, சொல்லாதேங்கோவா? வெகுநேரம் அந்தச் சொல்லோடு இருந்தாள். அதற்குப் பிறகு வர வேண்டிய சொல் வரவேயில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

அடுத்தது டார்னெய்ட். நான் அங்கே வரப்போவதில்லை. எனக்குத் துணிவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, நான் கதவைத் திறந்தால் மறுபடி ஏதாவது திருகுவேன். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஆகவே அந்த வீட்டில் இருப்பது நீங்கள்.

ஆம், நீங்கள்தான். இரண்டு எழுத்துப் பெயரில் இசை செய்து போடுகிறவர். ஒரு பின்னேரம் சும்மா இருந்தபோது அந்தத் திருகைக் கொஞ்சம் கூட்டி வைத்தீர்கள், கேட்க இதமாக இருந்தது, விட்டுவிட்டீர்கள். யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. மேசையில் செல்பேசி, அதில் முடியாத ஒரு செய்தி. நீங்கள் தமிழ் தெரியாதவராக இருந்திருந்தால் இந்த இடத்தில் தப்பியிருக்கலாம். ஆனால் இந்தப் பக்கம்வரை வாசித்துவிட்டீர்கள், இனித் தெரியாது என்று சொல்ல முடியாது.

மணி அடிக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் பற்றீஸ் பை. செருப்பைக் கழற்றவா என்று கேட்கிறார். கதிரையின் நுனியில் உட்காருகிறார். தண்ணீர் வேண்டாம் என்கிறார். நீங்கள் ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறீர்கள், அவர் காதில் விழவில்லை. அறையைச் சுற்றிப் பார்க்கிறார், ஒரு கசெட் பெட்டியைத் தேடுகிறார் என்பது உங்களுக்குப் புரிகிறது. அப்படி ஒன்று அங்கே இல்லை.

பிறகு உங்களை நேராகப் பார்த்து, மிகவும் மரியாதையாக, தமிழில் கேட்கிறார்:

"தம்பி, பிள்ளை, ஆரெண்டாலும் பரவாயில்லை. மிதிச்சது ஆர்?"

சொல்லுங்கள்.